சீருடைக்கு வீடு, கடற்கரைக்குக் காடு

போன செமஸ்டர் பொருளியல் டியூட்டோரியல் ஒன்றுக்காக வரிச் சலுகைகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த உதாரணங்களில் ஒன்று அமெரிக்காவுடையது. 2008இல் அங்கே வீட்டுச் சந்தை சரிந்து விழுந்தபோது, முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் வருமான வரியில் ஒரு சலுகை கொடுத்தது. 2009இல் அது 8,000 டொலர்வரை போனது. அந்த வருடம் நவம்பரில் சட்டத்தைத் திருத்திக் காலத்தை நீடித்தார்கள். பொதுமக்கள் 2010 ஏப்ரல் 30க்குள் வீட்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டும். வெளிநாட்டில் 90 நாளாவது கடமையில் இருந்த படையினருக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் அவகாசம், 2011 ஏப்ரல் 30வரை. சலுகை எடுத்து வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. இடமாற்ற உத்தரவு வந்து விற்கிற படையினருக்கு அந்த விதியிலும் விலக்கு.

இதை நான் வாசித்து முடித்ததும் பொலன்னறுவைப் பக்கமிருந்து வந்த என் பெட்ச்மேட் ஒருவன் பாதி சிங்களம் பாதி தமிழில் கேட்டான்: "நல்ல ஐடியாதானே மச்சான்? எங்கட நாட்டிலயும் ரணவிருக்களுக்கு இப்படி ஒண்டு குடுத்தா என்ன?"

அவனுடைய அண்ணன் ஆமியில் இருக்கிறான். அரைவாசி கட்டிய வீடு, மேலே தகரம். அது எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நான் கல்முனைக்காரன். அந்தக் கேள்விக்கு எங்கட கரையோரத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது, அதை யாராவது சொல்லத்தான் வேண்டும். அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கச் சட்டத்தில் உள்ள நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ நிற்கிற ஒருவனால் சொந்த ஊரில் வீடு பார்த்து விலை பேசிக் கையெழுத்துப் போட முடியாது. அவனுடைய வேலை அவனிடமிருந்து பறித்த நேரத்தைச் சட்டம் திருப்பிக் கொடுத்தது. அந்தப் போர்கள் சரியா பிழையா என்பது வேறு பேச்சு. இந்தப் பந்தியின் தர்க்கம் சரி. கவனித்துப் பாருங்கள்: சலுகை எல்லோருக்கும் இருந்தது. டீச்சருக்கும், டிரைவருக்கும், முதல் வீடு வாங்குகிற எவருக்கும் ஒரே வரிசை. வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கும் அந்தத் தொகை காசாகக் கையில் வந்தது. அந்தப் பொது வரிசையில் படையினருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். அவ்வளவுதான்.

எங்கட நாட்டில் அந்தப் பொது வரிசை எங்கே?

இங்கே படையினருக்கு வீடு கொடுப்பதற்கு வரிச் சலுகை தேவைப்படவில்லை. அதைவிட நேரடியான வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை உருவானது. படையினரினதும் அவர்களுடைய குடும்பங்களினதும் நலனைப் பார்ப்பது அதன் வேலை. யுத்தம் உச்சத்தில் இருந்த 2008இல் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. பெயர் "அபி வெனுவென் அபி" நிதியச் சட்டம். எமக்காக நாம் என்று பொருள். படையினருக்கும் பொலிசாருக்கும் வீடு கட்ட உதவுவது அந்த நிதியத்தின் வேலை. கம்பனிகள் கொடுத்தன, வங்கிகள் கொடுத்தன, பொதுமக்கள் கொடுத்தார்கள். ஒரு அரசாங்கம் மனம் வைத்தால் சட்டம் போட்டு, நிதி சேர்த்து, பெயர்ப்பட்டியல் தயாரித்து, சாவியைக் கையில் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது ஆச்சரியம்தான். ஏனென்றால் "வீடு கொடுப்பது லேசான விசயமில்ல தம்பி, காணிப் பிரச்சினை இரிக்கி, சட்டப் பிரச்சினை இரிக்கி, விகிதாசாரப் பிரச்சினை இரிக்கி" என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

*

2004 டிசம்பர் 26. எனக்கு அப்போது ஒரு வயசு. இலங்கையில் சுனாமி அதிகமானவர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடலைப் பார்த்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற ஊர்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான் இடைவெளி. முன் வரிசை வீடுகள் அத்திவாரத்தோடு போயின.

பிறகு வந்தது தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். ஹோட்டல்களுக்கு மட்டும் விதி இளகியது. கல்முனையில் 200 மீற்றரை அளந்து பாருங்கள். சில இடங்களில் அதற்குள் ஒரு முழு ஊரே அடங்கிவிடும். மேற்கே போனால் வயல். வயலை மண் போட்டு நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டம் தேவையானதுதான், வயலும் வேண்டும். ஆனால் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெரிபடுகிற சனம் எங்கே போவது? 2005 முடிவில் தடை வலயத்தைக் குறைத்தார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கு "65 மீற்றர்" என்றே பெயர். உலகத்தில் ஊர்களுக்குப் பெரியவர்களின் பெயர் வைப்பார்கள், பூக்களின் பெயர் வைப்பார்கள். எங்களுக்கு அளவு நாடாவின் பெயர்.

அக்கரைப்பற்றில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியா காசு கொடுத்தது. ஊருக்கு மேற்கே நுரைச்சோலையில் 500 வீடுகள் எழும்பின. வெறும் வீடுகள் மட்டுமில்லை. பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், சந்தை என்று ஒரு சின்ன ஊருக்கே வேண்டிய எல்லாம். 2008இல் எல்லாவல மேதானந்த தேரர் உள்ளிட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தீகவாபிக்குரிய பிரதேசம் என்றார்கள், முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்றார்கள். 2009 ஜூனில் தீர்ப்பு வந்தது: நாட்டின் இன விகிதாசாரத்தைப் பார்த்துத்தான் பகிர வேண்டும்.

கணக்குப் பாடம் பிடிக்காதவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 9 வீதம். அம்பாறை மாவட்டத்தில் 43 வீதம். நாட்டு விகிதாசாரம் என்றால் 500 வீடுகளில் முஸ்லிம்களுக்கு வருவது ஐம்பதுக்கும் குறைவு. கடல் அடித்த கரையில் வாழ்ந்தவர்கள் யார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய வீட்டை, கடலையே காணாத மாவட்டங்களின் தலைக்கணக்கை வைத்துப் பங்கு போடச் சொன்னால், அந்த வீடு யாருக்கும் போகாது. அதுதான் நடந்தது. சிங்களவருக்கும் போகவில்லை, தமிழருக்கும் போகவில்லை, முஸ்லிமுக்கும் போகவில்லை. 2024 டிசம்பரில் சுனாமிக்கு 20 வருடம் நிறைந்தபோதும் அந்த வீடுகள் காடு மண்டிக் கிடந்தன. கதவு போயிற்று, ஜன்னல் போயிற்று, கூரையில் மரம் முளைத்தது.

நாளைக்கே அவற்றைப் பகிர்ந்து கொடுத்தாலும் என் கேள்வி முடியாது. விகிதாசாரம் என்ற சொல் ஏன் எங்கட வீடுகளுக்கு முன்னால் மட்டும் வந்து நிற்கிறது? படையில் மிகப் பெரும்பான்மை ஒரே இனம். படையினருக்கென்று கட்டுகிற வீடுகளும் அப்படியே போகும். அங்கே யாராவது நாட்டு விகிதாசாரம் கேட்டு வழக்குப் போட்டார்களா? சவூதி கொடுத்த வீட்டுக்கு விகிதாசாரம், எங்கட அரசாங்கம் சட்டம் போட்டுச் சேர்த்த நிதிக்கு இல்லை. இதை நியாயம் என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்தட்டும்.

*

"முதல் வீடு வாங்குகிறவர்" என்ற சொல்லையும் கொஞ்சம் எங்கட ஊரில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டால் இளம் கணவன் மனைவி, வங்கிக் கடன், வாசலில் நாய்க்குட்டி என்று ஒரு படம் வரும். கல்முனையில் முதல் வீடு கட்டுகிறவர் யார்? ஒரு குமரின் வாப்பா. அல்லது காக்கா. அதிகமான வீடுகளில் உம்மா.

எங்கட கரையில் வீடு பெண்ணுக்குரியது. தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழமை. கலியாணத்தின்போது மகளுக்கு வீடு எழுதுவார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இரண்டு குமர் இருந்தால் இரண்டு வீடு. மூன்று இருந்தால் வாப்பா முப்பது வயதில் நரைப்பார். சீதனம் சரியா என்று சண்டை பிடிக்க நான் தயார், அதை வேறொரு நாள் எழுதுகிறேன். ஆனால் உண்மை இதுதான்: இங்கே வீடு இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொடங்குவதில்லை. அதனால்தான் உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள்.

என் உம்மாவும் இரண்டு தரம் போனவ. ராத்தாவின் வீடு கட்டி முடிய ஒன்பது வருடம் எடுத்தது. வாப்பா மேசன். மற்றவர்களின் வீடு மூன்று மாதத்தில் எழும்பும், எங்கட வீடு காசு வரும்போது ஒரு வரி கல் எழும்பும். உம்மா ஒரு சீஆர் கொப்பியில் கணக்கு வைத்திருந்தா. சீமெந்து இத்தனை பேக், கம்பி இத்தனை, மணல் ஒரு லோட், ஓடு, கூலி. அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. டியூட்டோரியலுக்குப் பிறகு அதை எடுத்துப் பார்த்தேன். வரிச் சலுகை என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை.

சீமெந்துக்கும் கம்பிக்கும் வற் வரி உண்டு. 2019 டிசம்பரில் 8 வீதத்துக்கு இறக்கினார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது முதலில் 12, செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியிலிருந்து 18. ராத்தாவின் வீட்டின் சுவரைப் பார்த்தாலே அந்த வருடங்கள் தெரியும். விலை ஏறிய வருடங்களில் பூச்சு நின்றுபோயிருக்கிறது. சவூதியில் ஒரு வீட்டுக் குசினியில் நின்று உழைத்த காசில் உம்மா ஒவ்வொரு சீமெந்து பேக்குக்கும் இலங்கை அரசாங்கத்துக்கு வரி கட்டியிருக்கிறா. முதல் வீடு என்று ஒரு சதமும் திரும்பி வரவில்லை. அந்த வரிக் காசில்தான் வருடம் 400 பில்லியன் ரூபாவுக்கு மேல் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகிறது.

இப்போது என் பெட்ச்மேட் கேட்ட "ஐடியா"வுக்கு வருகிறேன். அமெரிக்கா மாதிரி இங்கே படையினருக்கு வருமான வரியில் வீட்டுச் சலுகை கொடுத்தால் யாருக்கு லாபம்? 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாவரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை. சாதாரண சிப்பாயின் சம்பளம் அந்த வரம்பைத் தொடாது. கட்டாத வரியில் என்னத்தைக் கழிப்பது? சலுகை போவது கேர்ணல்களுக்கும் பிரிகேடியர்களுக்கும்தான். இதே கதை சிவிலியன்களுக்கும் நடந்தது. சில வருடங்களுக்கு முன் வீட்டுக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்து, 2022 முடிவோடு இல்லாமல் போனது. அது இருந்தபோது வங்கிக் கடன் எடுக்கத் தகுதியான, நல்ல சம்பளக்காரருக்கு உதவியது. மீன் தோணிக்குப் போகிற சாச்சாவுக்கும், தகரக் கூரை போட்ட என் நண்பனின் அண்ணனுக்கும் அதில் ஒன்றுமில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

*

"அவர்கள் உயிரைக் கொடுத்தவர்கள்" என்று பதில் வரும். வரட்டும். அதைத் தட்டிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. காயப்பட்டவருக்கு மருத்துவமும் ஓய்வூதியமும், இறந்தவரின் குடும்பத்துக்குச் சம்பளமும் கொடுப்பது அரசாங்கத்தின் கடன். தொழிலால் வந்த இழப்புக்குத் தொழில் கொடுத்தவர் நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடனைக்கூட இந்த அரசு ஒழுங்காகக் கட்டியதா? 2016 நவம்பரில் 12 வருடச் சேவை முடியுமுன் ஊனமுற்று விலகிய படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தது. கால் இல்லாதவர்கள்மீது. "ரணவிரு" என்ற சொல் மேடைக்கு உரியது, வீதியில் இறங்கிக் கேட்கிற ஏழைச் சிப்பாய்க்கு உரியதல்ல என்று அன்றைக்கு எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தார்கள்.

சீருடையின் பெயரால் கேட்கிற வீடு கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு கதை. மும்பை கொலாபாவில் கடலோரமாக ஆதர்ஷ் என்று ஒரு வீடமைப்புச் சங்கம். கார்கில் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் என்று சொல்லப்பட்டது. 31 மாடி எழும்பிய பிறகு பார்த்தால், உள்ளே அரசியல்வாதிகளின் உறவினர், அதிகாரிகள், ஜெனரல்கள். 2010இல் விசயம் வெடித்தது, மகாராஷ்டிரா முதலமைச்சர் அசோக் சவான் பதவி விலகினார், 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கச் சொன்னது. விதவையின் பெயரில் அத்திவாரம் போட்டார்கள், மாடி வேறு ஆட்களுக்கு.

அமெரிக்காவின் பழைய கதை இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1944ஆம் ஆண்டின் சட்டம் முன்னாள் படையினருக்கு வீட்டுக் கடனுக்கான உத்தரவாதம் கொடுத்தது. அந்த நாட்டின் நடுத்தர வர்க்கமே அதில் எழும்பியது என்பார்கள். ஆனால் 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினப் படையினருக்குப் போனவை இரண்டு. இரண்டே இரண்டு. அவர்களும் அதே சீருடையில், அதே போரில் நின்றவர்கள்தான். சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை. கடன் கொடுத்த வங்கிக் கவுண்டரில் எழுதப்பட்டிருந்தது. நுரைச்சோலையைத் தெரிந்த எங்களுக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்காது. வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டால் போதாது, அது எந்தக் கவுண்டரில் வைத்து யாருக்குத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு பதிலும் வரும்: "நீ முஸ்லிம், அதனால் ஆமியைப் பேசுறாய்." இல்லை. 1990க்குப் பிறகு எங்கட எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையில் நின்ற முஸ்லிம்கள் எத்தனை பேர். அவர்களும் துப்பாக்கி ஏந்தியவர்கள்தான். சில ஆயிரம் ரூபா சம்பளத்தில் இரவு முழுக்க வயல் ஓரத்தில் கண்விழித்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு "ரணவிரு" என்று வீடு வந்தது என்று உங்கட ஊரிலேயே கேட்டுப் பாருங்கள்.

பாணமைக்கும் போய்ப் பாருங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே, அறுகம்பைக்கு அப்பால். அங்கே ராகம்வெல, சாஸ்திரவெல என்ற இடங்களில் பயிர் செய்து வாழ்ந்தவர்களை 2010 ஜூலையில் முகமூடி போட்ட ஆயுததாரிகள் இரவில் வந்து விரட்டினார்கள், குடிசைகளை எரித்தார்கள். பிறகு அந்தக் காணிகளில் படை முகாம்கள் வந்தன. விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் கிடந்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு 2016இல் சனமே தங்கள் காணிக்குள் போய்க் குந்தியது. அட்டாளைச்சேனைப் பக்கம் அஷ்ரப் நகரில் 2011இல் இராணுவம் வந்து வேலி போட்டபோது வெளியே நின்றவர்கள் முஸ்லிம்கள். ஒரே மாவட்டம், ஒரே சீருடை. ஒரு பக்கம் படைக்கு வீடு கட்ட நிதி, மறுபக்கம் படைக்காக இடிபடுகிற வீடு. இதைச் சொல்ல ஒருவர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. பாணமைச் சிங்களவர் ஒருவரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்.

*

இவ்வளவும் அரசாங்கத்தைப் பேசினேன். எங்கட ஆட்களையும் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

நுரைச்சோலை வீடுகள் எங்கட அரசியல்வாதிகளுக்கு ஒரு தேர்தல் சாமான். ஒவ்வொரு தேர்தலுக்கும் தூசு தட்டி எடுப்பார்கள், மேடையில் கண்ணீர் விடுவார்கள், வென்ற பிறகு அமைச்சு எடுப்பார்கள். எத்தனை அரசாங்கங்களில் இருந்தார்கள்! வீடமைப்பு அமைச்சே எங்கட கையில் இருந்த காலமும் உண்டு. மற்றப் பக்கம், சுனாமி வீடுகள் கிடைத்த இடங்களில் நடந்ததும் எங்களுக்குத் தெரியும். உள்ளூர் ஆட்களின் பட்டியலில் சொந்த வீடு உள்ளவரின் பெயர் ஏறும், கடற்கரைக் கொட்டிலில் இருந்த விதவையின் பெயர் இறங்கும். கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் உண்டு.

பெண்களுக்கு நடந்தது இன்னொரு அநியாயம். தலைமுறையாக வீடு பெண்ணின் பெயரில் இருந்த கரையில், சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகளுக்குக் "குடும்பத் தலைவர்" யார் என்று படிவத்தில் கேட்டு ஆணின் பெயரை எழுதினார்கள். உம்மாவின் வீடு அடித்துக்கொண்டு போனது, புதுவீடு வாப்பாவின் பெயரில் வந்தது. அதைத் தட்டிக் கேட்ட ஜமாஅத் எத்தனை, கட்சி எத்தனை? கடல் எடுக்காத உரிமையையும் ஒரு படிவம் எடுத்துவிட்டது, நாங்கள் "அல்ஹம்துலில்லாஹ், வீடு கிடைச்சிது" என்று சும்மா இருந்துவிட்டோம்.

ஆக, நான் கேட்பது என்ன?

ஒன்று, நுரைச்சோலையின் 500 வீடுகளும் சுனாமியில் வீடிழந்து இன்னும் சொந்த வீடில்லாத குடும்பங்களுக்குப் போக வேண்டும். அவர்கள் எந்த இனம் என்று பார்க்கத் தேவையில்லை. கடல் பார்க்கவில்லை. பெயர்ப்பட்டியலைப் பிரதேச செயலகத்தின் சுவரில் ஒட்டுங்கள், ஊர் வாசிக்கட்டும். பொய்ப் பெயர் இருந்தால் ஊருக்குத் தெரியும்.

இரண்டு, வீட்டு உறுதி அந்த வீட்டின் பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும்.

மூன்று, முதல் வீடு கட்டுகிற எவருக்கும் ஒரு அளவுவரை சீமெந்து, கம்பி, ஓடு ஆகியவற்றுக்குக் கட்டிய வற் வரியைத் திருப்பிக் கொடுங்கள். வருமான வரிச் சலுகை பணக்காரரைத் தேடிப் போகும். இது கொட்டிலில் இருப்பவரைத் தேடி வரும். ஜீ.எஸ் ஒருவர் உறுதிப்படுத்தினால் போதும், யாருக்கு வீடு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான்கு, படையினருக்கும் இதே வரிசை. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு சொன்னபடி, இரண்டு இலட்சத்துக்குச் சற்று அதிகமான இராணுவ ஆளணியை 2030இல் 100,000க்குக் குறைக்கப் போகிறார்கள். வெளியே வருகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வீடும் தொழிலும் வேண்டும். அவர்கள் வரட்டும், எங்களோடு வரிசையில் நிற்கட்டும். முகாமில் நின்றதால் விண்ணப்பத் திகதி தவறினால் அமெரிக்கா கொடுத்த மாதிரி ஒரு வருடம் கூடக் கொடுங்கள். நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அவர்களுக்கென்று ஒரு கதவும் எங்களுக்கென்று ஒரு வழக்கும் வேண்டாம்.

ஐந்து, படை பிடித்த காணிகளைச் சொந்தக்காரரிடம் கொடுங்கள். மற்றவரின் வளவில் முகாம் வைத்துக்கொண்டு வீட்டுரிமை பற்றிப் பேச முடியாது.

அந்த நண்பனிடம் போன கிழமை இதையெல்லாம் கண்டீனில் வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். அவன் அண்ணனுக்கு நிதியத்திலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றான். விண்ணப்பித்து நாலு வருடமாம். பிறகு கேட்டான், "அந்த 500 வீட்டப் போய்ப் பாக்கலாமா?"

செமஸ்டர் லீவில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாங்க. அக்கரைப்பற்று பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.